கப்பலேறி வரும் களை

துறைமுகத்தில் இறங்கும் பிரயாணியின் பெட்டியைச் சுங்க அதிகாரிகள் திறந்து பார்க்கிறார்கள். தங்கம் இருந்தால் கைப்பற்றுகிறார்கள். தீர்வை கட்டாத சரக்கு இருந்தால் அபராதம் விதிக்கிறார்கள். தேசத்தின் பொக்கிஷத்துக்கு ஒரு ரூபாய்கூட நஷ்டம் வரக்கூடாது என்பதில் இவ்வளவு கவனம்! இது நியாயமே. ஆனால், கோணிச் சாக்கின் இழையில் ஒட்டிக்கொண்டு, தீர்வையும் கட்டாமல், அநுமதிச் சீட்டும் கேட்காமல் கரையேறிவிடும் ஒரு புல் விதையைத் தடுப்பவர் யார்? கள்ளத் தங்கம் ஒரு கட்டி உள்ளே வந்தால் சர்க்காருக்கு வரும் நஷ்டம் ஒரு தடவையோடு தீர்ந்தது. களை விதை ஒன்று உள்ளே வந்தாலோ, அது தேசத்தின்மீது வருஷந்தோறும் வரி விதிக்கிறது. அந்த வரியைக் கொடுப்பவர்கள் கப்பல்காரர்கள் அல்லர், வியாபாரிகளும் அல்லர். ஏழைக் குடியானவனும் செம்படவனுமே கொடுக்கிறார்கள்.

இந்த விஷயத்தை அத்திப்பட்டை முன்னிட்டு எழுதுகிறோம். சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டி செல்லும் ரயில் பாதையில், எண்ணூரைக் கடந்ததும் வருவது இந்த ஊர். ஒரு பக்கம் பொன்னேரித் தாலுகாவின் நெல் வயல்கள். மறு பக்கம் உப்பளங்கள், பக்கிங்ஹாம் கால்வாய், கொசஸ்தலையாற்றின் கழிமுகம், அதற்கப்பால் வங்கக் கடல். இந்தப் பிரதேசத்தில் 1994-ம் வருஷத்தில் வடசென்னை அனல் மின்சார நிலையம் வேலை தொடங்கிற்று. 2001-ல் எண்ணூர்த் துறைமுகம் திறக்கப்பட்டது; அதற்கு இப்போது காமராஜர் துறைமுகம் என்று பெயர். பின்னர் காட்டுப்பள்ளியிலும் ஒரு துறைமுகம் எழுந்தது. உலகத்தின் நாலா திசைகளிலிருந்தும் வரும் கப்பல்களுக்கு வாசற்படியாக இருக்கிறது இந்தச் சிறு பிரதேசம். வாசற்படியில் குடியிருப்பவனுக்கு வருகிறவர் போகிறவரைப் பற்றிக் கேட்க உரிமை உண்டு அல்லவா?

காட்டு ஓட்ஸ் கற்பிக்கும் பாடம்

களை எவ்வாறு ஒரு தேசத்தைப் பிடிக்கிறது என்பதை அறிய வேண்டுமானால், காட்டு ஓட்ஸ் என்னும் புல்லைப் பார்க்க வேண்டும். ஓட்ஸ் என்பதற்குத் தமிழில் காடைக்கண்ணி என்றும் ஒரு பெயர் உண்டு. இந்தப் புல் அந்தத் தானியத்தின் உடன்பிறப்பு. ஆனால் உபயோகமற்ற உடன்பிறப்பு. மேற்கு ஆசியாவும் மத்தியதரைக் கடற்கரையும் இதன் பூர்வீகம். ஆதியில் மனிதன் கோதுமையும் வாற்கோதுமையும் பயிரிட்டபோது, அந்த வயல்களில் அழையா விருந்தாக நுழைந்தது. கோதுமை போன இடமெல்லாம் இதுவும் போயிற்று. இன்று ஐரோப்பா, வடஅமெரிக்கா, ஆஸ்திரேலியா முதலிய எல்லாக் கோதுமைத் தேசங்களிலும் இது இருக்கிறது.

இதன் தந்திரங்களைக் கவனியுங்கள். இளம் பருவத்தில் இதற்கும் கோதுமைக்கும் வித்தியாசம் காண்பது கஷ்டம். பழகின கண்ணுக்கே தெரியும். ஆகையால் களை பறிக்க வந்தவர்கள் இதைப் பயிர் என்று எண்ணி விட்டுவிடுகிறார்கள். வளர்ந்த பிறகு பயிருக்கு மேலே தலையை நீட்டி வெயிலைக் கவர்ந்துகொள்கிறது. பயிருக்கு இட்ட எருவை இது தின்கிறது; பயிருக்குப் பாய்ச்சிய தண்ணீரை இது குடிக்கிறது. எல்லாவற்றிலும் பெரிய தந்திரம் பின்னால் வருகிறது. கோதுமை முற்றி அறுவடையாகும் முன்பே இதன் கதிர் முற்றி, விதைகளை நிலத்தில் உதிர்த்துவிடுகிறது. அறுப்பவன் அரிவாளுடன் வருவதற்குள் அடுத்த வருஷத்துக்கான விதைப்பு நடந்துவிட்டது! உதிராமல் எஞ்சும் சில விதைகளோ கோதுமையோடு கலந்து மூட்டைக்குள் புகுந்து, வேறு ஊருக்கும் வேறு தேசத்துக்கும் பிரயாணப்படுகின்றன.

உதிர்ந்த விதை சும்மாக் கிடப்பதும் இல்லை. அதன் முதுகில் முறுக்கேறிய நீண்ட கூர் ஒன்று இருக்கிறது. ஈரம் பட்டால் அந்த முறுக்கு அவிழ்கிறது. காய்ந்தால் மறுபடி முறுக்கிக்கொள்கிறது. இரவின் பனியிலும் பகலின் வெயிலிலும் இப்படி மாறி மாறித் திரும்பி, தச்சனுடைய துளைக்கருவிபோல விதையை மண்ணுக்குள் செலுத்திவிடுகிறது. மண்ணுக்குள் போன விதைகள் எல்லாம் ஒரே வருஷத்தில் முளைப்பதும் கிடையாது. பஞ்சாப் வயல்களில் காணப்படும் இனத்தில் இரண்டு விதைகள் சேர்ந்தே உதிர்கின்றன. பெரியது சீக்கிரம் முளைக்கும். சிறியது உறங்கிக்கிடந்து பிந்திய வருஷங்களில் முளைக்கும். முதல் வருஷம் உழவன் எல்லாவற்றையும் பறித்துவிட்டான் என்றாலும், மண்ணுக்குள் சேமிப்பு இருந்துகொண்டே இருக்கிறது.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு செடி 100 விதை உதிர்க்கிறது என்றும், அவற்றில் 90 விதைகள் எறும்புக்கும் பறவைக்கும் மழைக்கும் இரையாகிப் பத்தே பிழைக்கின்றன என்றும் வைத்துக்கொள்வோம். இந்த வருஷம் ஒரு செடி. அடுத்த வருஷம் 10. மூன்றாம் வருஷம் 100. நான்காம் வருஷம் 1,000. ஐந்தாம் வருஷம் 10,000. ஆறாம் வருஷம் ஒரு லக்ஷம். முதல் வருஷத்தில் ஒரு சிறுவன் குனிந்து ஒரு செடியைப் பிடுங்கியிருந்தால் போதும். ஆறாம் வருஷத்தில் ஒரு கிராமமே திரண்டு வந்தாலும் முடியாது. இது வெறும் கணக்குத்தான். நிலத்திலும் பருவத்திலும் உள்ள வேறுபாட்டால் தொகை கூடலாம், குறையலாம். ஆனால் கணக்கின் போக்கு இதுவே. முள்மரத்தைப் பற்றி வள்ளுவர் செய்த எச்சரிக்கை தமிழர் யாவருக்கும் தெரியும். அவர் சொன்னது பகையை மனத்தில் வைத்து. உழவனுக்கு அது சொல்லுக்குச் சொல் பொருந்தும்.

அமெரிக்காவில் கலிபோர்னியா ராஜ்யத்தின் மலைச்சரிவுகள் கோடையில் பொன்னிறமாகத் தோன்றும் என்று அங்கே போனவர்கள் வியந்து எழுதுகிறார்கள். அந்தப் பொன்னிறத்தில் பெரும் பாகம் காட்டு ஓட்ஸும் அதைப் போன்ற அந்நியப் புற்களும் உலர்ந்த நிறமே. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஸ்பானியர் அங்கே ஆடுமாடுகளுடனும் விதைத் தானியத்துடனும் குடியேறினார்கள். அவர்களுடைய பழைய கட்டடங்களில் இருந்த மண் கற்களை உடைத்துப் பார்த்த ஆராய்ச்சியாளர்கள் அவற்றுக்குள் அந்நியக் களைகளின் விதைகளைக் கண்டார்கள். நூறு வருஷத்துக்குள் அந்தப் பூமியின் சொந்தப் புற்கள் ஒதுங்கிப் போயின. பார்ப்பவர்களுக்கு அழகாகத் தெரிவது, அறிந்தவர்களுக்கு ஒரு நாடு கைமாறிய கதையாகத் தெரிகிறது.

மருந்து தோற்ற கதை

"நாம் நெல் விளைவிப்பவர்கள், கோதுமைக் களையைப் பற்றி நமக்கு என்ன?" என்று சிலர் கேட்கலாம். பஞ்சாபும் ஹரியானாவும் விளைவிக்கும் கோதுமைதான் நம் ரேஷன் கடைகளுக்கும் வருகிறது. அங்கே காட்டு ஓட்ஸை 'ஜங்லி ஜை' என்று அழைக்கிறார்கள். அதற்குத் துணையாக 'குல்லி டண்டா' என்ற மற்றொரு புல்லும் உண்டு. நெல்லும் கோதுமையும் மாறி மாறிப் போடும் ஈர நிலத்தில் குல்லி டண்டா. மற்ற நிலங்களில் ஜங்லி ஜை. இப்படி இரண்டும் பாகம் பிரித்துக்கொண்டு ஆள்கின்றன.

1960-களில் மெக்ஸிகோவிலிருந்து குட்டைக் கோதுமை வந்தது. விளைச்சல் பெருகிற்று, தேசம் பட்டினியிலிருந்து தப்பியது. ஆனால் குட்டைப் பயிருக்கு நிழலால் களையை அடக்கும் சக்தி குறைவு. தண்ணீரும் உரமும் மிகுதியாகக் கிடைத்ததும் களைகள் கொழுத்தன. 1970-களின் இறுதியில் ஐசோபுரோட்டுரான் என்ற களைமருந்து வந்தது. தெளித்தால் போதும், களை மாயும். பத்துப் பதினைந்து வருஷம் குடியானவர்கள் அந்த ஒரே மருந்தை நம்பினார்கள். 1990-களின் தொடக்கத்தில் மருந்து பலிக்கவில்லை. குல்லி டண்டா அதற்குப் பழகிப்போயிற்று! பயிரைவிடக் களை ஓங்கிய வயல்களில் சிலர் கோதுமையைப் பச்சையாகவே அறுத்து மாட்டுக்குப் போட்டார்கள். புதிய மருந்துகள் வந்தன. சில வருஷங்களில் அவற்றையும் களை சகிக்கத் தொடங்கிற்று. காட்டு ஓட்ஸும் இவ்வாறே பல தேசங்களில் 1980-களிலிருந்து மருந்துக்கு அடங்காமல் போயிருக்கிறது.

இதிலிருந்து நாம் அறிய வேண்டியது ஒன்று. உள்ளே புகுந்து வேரூன்றிய களையை ஒழிக்க ஒரே நிச்சயமான மருந்து என்று எதுவும் கிடையாது. சுத்தமான விதை, பயிர் மாற்றம், விதைக்குமுன் தண்ணீர் பாய்ச்சிக் களையை முளைக்கச் செய்து உழுது அழித்தல், கதிர் உதிருமுன் கையால் பறித்தல் ஆகிய எல்லாவற்றையும் ஓயாமல் செய்துகொண்டே இருக்க வேண்டும். ஒரு வருஷம் கை சோர்ந்தால் போயிற்று. வாசலில் ஒரு நாள் விழித்திராததற்குத் தண்டனை, வீட்டுக்குள் என்றென்றும் விழித்திருப்பது.

நம் நாட்டுக்கு வந்த விருந்தாளிகள்

தமிழ்நாட்டுக்கு இந்த அநுபவம் புதிது அல்ல. அந்நியக் களை மூன்று வழிகளில் வருகிறது: லாபத்துக்காக அழைத்து வருவது ஒன்று, நன்மை என்று நம்பி நடுவது ஒன்று, கவனக்குறைவால் தானே வருவது ஒன்று. மூன்றுக்கும் நம் சரித்திரத்தில் சாட்சி இருக்கிறது.

பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் கிழக்கிந்தியக் கம்பெனியார் ஒரு சிவப்புச் சாயத்தின்மீது ஆசை வைத்தார்கள். மெக்ஸிகோவில் ஒருவகைக் கள்ளியின்மேல் வாழும் பூச்சியிலிருந்து கிடைக்கும் சாயம் அது. அந்த வியாபாரம் ஸ்பானியர் கையில் இருந்தது. அதைச் சென்னையில் நடத்த விரும்பி, கம்பெனியின் வைத்திய அதிகாரி டாக்டர் ஜேம்ஸ் ஆண்டர்சன் சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டம் போட்டார். 1795-ல் பூச்சியும் இந்தியாவுக்கு வந்தது. ஆனால் அது மட்டமான ஜாதி. சாய வியாபாரம் பலிக்கவில்லை. அமெரிக்கக் கள்ளி இனங்கள் மட்டும் தேசத்தில் தங்கின. அவற்றுள் ஒன்றாகிய சப்பாத்திக் கள்ளி, வேலியாக நடப்பட்டு, வேலியைத் தாண்டி மேய்ச்சல் தரைகளையும் புறம்போக்குகளையும் விழுங்கிற்று. 1926-ல் இலங்கையிலிருந்து வேறொரு ஜாதிப் பூச்சியைக் கொண்டுவந்து விட்ட பிறகே, சில வருஷங்களில் அந்தப் பீடை அடங்கிற்று. கம்பெனியாரின் பேராசைக்கு நூறு வருஷத்துக்கு மேல் நம் கிராமத்து மாடுகள் மேய்ச்சல் தரையை இழந்தன.

இரண்டாவது, சீமைக் கருவேலம். இது சுதந்திரத்துக்குப் பின்புதான் வந்தது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில், 1876-ல் சென்னை மாகாணக் காட்டிலாகா அதிகாரி கர்னல் பெடோம் இதன் விதையை வரவழைக்கும்படி சர்க்காருக்கு எழுதினார். மறு வருஷம் ஜமைக்கா தீவிலிருந்து விதை வந்தது. வறண்ட பூமிக்கு விறகு வேண்டும் என்பது நோக்கம். நோக்கத்தைக் குறை கூறுவதற்கில்லை. ஆனால் ஆடுமாடுகள் இதன் காயைத் தின்று, சாணத்தின் வழியே விதையை ஊரெங்கும் விதைத்துவிடும் என்பதையும், வெட்டினால் அடிமரத்திலிருந்து மறுபடி தழைக்கும் என்பதையும் யாரும் யோசிக்கவில்லை. இன்று ஏரி உள்வாய், ஆற்றங்கரை, தரிசு எங்கும் அதுவே.

மூன்றாவது, பார்த்தீனியம். 1955-ல் புனா நகரில் இதைக் கண்டார்கள். அந்தக் காலத்தில் பஞ்சம் தீர்க்க அமெரிக்காவிலிருந்து வந்த கோதுமையோடு இது கலந்து வந்தது என்பது அறிஞர் பலரின் அபிப்பிராயம். வெள்ளைத் தொப்பி போட்டதுபோல் பூப்பதால் வடக்கே இதற்குக் 'காங்கிரஸ் புல்' என்று பெயர் வைத்துவிட்டார்கள்! இது புல்லும் அல்ல. தேசத் தொண்டு செய்ததும் இல்லை. தொட்டால் தோல் அரிப்பு. அதன் பூந்தூளைச் சுவாசித்தால் பலருக்கு மூச்சிரைப்பு. ஒரு செடி பல்லாயிரம் விதை உதிர்க்கிறது. 1980-களில் மெக்ஸிகோவிலிருந்து ஒரு வண்டைக் கொண்டுவந்து பெங்களூரில் விட்டார்கள். அது சில இடங்களில் செடியைத் தின்கிறது; ஆனால் செடி தீரவில்லை.

அந்நியம் என்பதாலேயே எந்தச் செடியையும் வெறுக்க வேண்டும் என்று நாம் கூறவில்லை. மிளகாயும் நிலக்கடலையும் மரவள்ளியும் கப்பலேறி வந்தவைதான். அவை நம் அடுப்பங்கரைச் சொத்தாகிவிட்டன. அவை உழவன் கைக்கு அடங்கி நிற்கின்றன. அடங்காமல் நிற்பதுதான் களை. எங்கிருந்து வந்தது என்பது கேள்வி அல்ல. வந்த பிறகு யாருடைய சோற்றைப் பறிக்கிறது என்பதே கேள்வி.

வாசற்படியின் நிலை

மறுபடி அத்திப்பட்டுக்கு வருவோம். களைக்கு மிகப் பிரியமான இடம் எது என்று தாவர சாஸ்திரிகளைக் கேட்டால், கலைக்கப்பட்ட நிலம் என்பார்கள். உழுது விட்ட மண், தோண்டிக் கொட்டிய மண், சாம்பல் படிந்த மண், கைவிட்ட உப்பளம் — இவற்றில் பழைய செடி அழிந்து, புதியதற்கு இடம் காலியாக இருக்கிறது. அத்திப்பட்டையும் எண்ணூரையும் சுற்றி இத்தகைய நிலத்துக்குக் குறைவில்லை. துறைமுகத்துக்காகவும் மின்சார நிலையங்களுக்காகவும் ரஸ்தாக்களுக்காகவும் மண் கொட்டி மேடாக்கிய இடங்கள் ஏராளம். மின்சார நிலையத்தின் சாம்பற் சேறு குழாய்களிலிருந்து கசிந்து கழியில் படிந்ததைப் பற்றி ஜனங்கள் பல வருஷமாக முறையிட்டு வந்திருக்கிறார்கள். அலையாத்திச் செடி நிற்க வேண்டிய கரைகளில் சீமைக் கருவேலம் நிற்கிறது.

தரையில் இப்படி, தண்ணீரிலோ இன்னும் விபரீதம். கொசஸ்தலையாற்றின் கழிமுகத்தில் 'காக்கா ஆழி' என்று செம்படவர்கள் அழைக்கும் ஒரு கருஞ்சிப்பி பரவியிருக்கிறது. இது செடி அல்ல என்றாலும், தன் குணத்தில் முழுக் களை. இதன் பூர்வீகம் மத்திய அமெரிக்கா, தென் அமெரிக்காக் கரைகள். 2014-ல் பிலிப்பைன்ஸ் தீவுகளிலும், 2016-ல் சிங்கப்பூரிலும் இதைக் கண்டார்கள். பிறகு கேரளத்துக் காயல்களில் தோன்றிற்று. எண்ணூர் முதல் பழவேற்காடு வரையுள்ள நீர்நிலைகளுக்கும் இது வந்தாயிற்று. சேற்றுத் தரையின்மேல் ஜமக்காளம் விரித்ததுபோல் அடர்ந்து படிகிறது. இறால் ஒதுங்கும் சேறு மூடிக்கொள்கிறது. மட்டியும் நம் பச்சை ஆழியும் மூச்சுத் திணறுகின்றன. சேற்றில் கையால் தடவி இறால் பிடித்துப் பிழைக்கும் ஆண்களும் பெண்களும் பிழைப்பை இழக்கிறார்கள். சென்னையிலுள்ள தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு இதை விசாரணைக்கு எடுத்துக்கொண்டது.

இது எவ்வாறு வந்தது? சரக்கில்லாத கப்பல் கடலில் சாயாமல் நிற்பதற்காகத் தன் அடிவயிற்றில் கடல்நீரை நிரப்பிக்கொள்கிறது. சரக்கு ஏற்றும் துறையில் அந்த நீரைக் கொட்டுகிறது. ஒரு கடலின் குஞ்சும் முட்டையும் இவ்விதம் மற்றொரு கடலை அடைகின்றன. இந்தச் சிப்பியும் இப்படியோ, கப்பலின் அடிப்பலகையில் ஒட்டியோ வந்திருக்க வேண்டும் என்பது ஆராய்ச்சியாளர் கருத்து. இந்த நீரைச் சுத்தம் செய்தே வெளியேற்ற வேண்டும் என்று 2004-ல் சர்வதேச உடன்படிக்கை ஒன்று ஏற்பட்டு, 2017 செப்டம்பர் 8-ந் தேதி முதல் அமலுக்கு வந்தது. கோதுமை மூட்டையில் காட்டு ஓட்ஸ் வந்த அதே கதைதான். மூட்டைக்குப் பதில் கப்பலின் வயிறு. விதைக்குப் பதில் சிப்பிக் குஞ்சு. தானியக் கப்பலானாலும் நிலக்கரிக் கப்பலானாலும், சரக்கோடு சரக்கல்லாத ஒன்றும் இறங்குகிறது.

சட்டம் யாரிடம் வசூலிக்கிறது?

சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. 1914-லேயே இந்திய சர்க்கார் நாசகாரப் பூச்சி, நோய்களின் இறக்குமதியைத் தடுக்கச் சட்டம் செய்தது. அதன்கீழ் 2003-ல் பிறப்பித்த உத்தரவில், உள்ளே வரக்கூடாத களைகளின் ஜாபிதாவும் சேர்ந்திருக்கிறது. ஆனால் சட்டம் நெருக்கடிக் காலத்தில் எப்படி வளைகிறது என்பதையும் பார்த்தோம். 2006-ல் தேசத்தின் கோதுமைக் கையிருப்பு குறைந்தபோது ஆஸ்திரேலியாவிலிருந்து கோதுமை வரவழைத்தார்கள். சென்னைத் துறைமுகத்திலும் அது இறங்கிற்று. களை விதை விஷயத்தில் அப்போது விதிகளைத் தளர்த்தினார்கள். அந்த வருஷங்களில் அந்நியக் கோதுமையோடு ஐந்து புதிய களைகளின் விதைகள் வந்தது தெரிய, ஜபல்பூரிலுள்ள களை ஆராய்ச்சி நிலையத்தின் பொறுப்பில், அவை எங்கேனும் முளைத்திருக்கின்றனவா என்று தேசமெங்கும் தேடத் தொடங்கினார்கள். கதவைத் திறந்துவிட்டு, பிறகு விளக்கை ஏற்றிக்கொண்டு வீட்டுக்குள் தேடுவதுபோல இருக்கிறது இது! தேடியது நல்லதே. ஆனால் தேடலுக்கு ஆகும் செலவில் எத்தனையோ பங்கு குறைவாகவே கப்பலில் பரிசோதனைக்கு ஆகும்.

இன்னொரு சட்டம் நம் மாகாணத்துக்கே உரியது. 1919-ம் வருஷத்துச் சென்னை விவசாயப் பூச்சி, நோய்ச் சட்டம். களைகளும் இதில் அடங்கும். அறிவிப்பு வெளியான பிரதேசத்தில் நிலத்தை அநுபவிப்பவன் களையை அகற்ற வேண்டும். தவறினால் அதிகாரிகளே அகற்றி, செலவை அவனிடம் வசூலிக்கலாம். கவனியுங்கள்: களை நிற்கும் நிலத்துக்குரியவன்மீது செலவு; களையைக் கொண்டுவந்தவன்மீது ஒன்றும் இல்லை. அயலான் கழனியை அசட்டையாகக் களைக்காடாக்கி வைத்திருக்கும் நிலக்காரனுக்கு இது பொருந்தும். ஆனால் உலகத்தின் மறுகோடியிலிருந்து ஒரு கப்பல் கொண்டுவந்த பீடைக்கு, அத்திப்பட்டுக் குடியானவனும் எண்ணூர்ச் செம்படவனும் எவ்விதம் பொறுப்பாவார்கள்? லாபம் வந்தபோது பங்கு கொடுக்காதவர்கள் நஷ்டம் வந்தபோது மட்டும் பங்கு கேட்பது எந்தத் தேசத்து நியாயம்?

நாம் கேட்பது இதுதான். களையைத் தடுப்பதற்கும், தடுக்கத் தவறினால் அகற்றுவதற்கும் ஆகும் செலவு வாசலிலேயே, கொண்டுவருபவரிடமே வசூலாக வேண்டும். இது நடக்கக் கூடாத காரியம் அல்ல. காமராஜர் துறைமுகம் 2023–24-ல் 4 கோடி டன்னுக்கு மேல் சரக்கைக் கையாண்டிருக்கிறது. டன்னுக்கு ஒரு ரூபாய் வைத்தாலும் வருஷத்துக்கு 4 கோடி ரூபாய்க்கு மேல் சேரும். ஒரு டன் சரக்கின் விலையில் ஒரு ரூபாய் எந்த வியாபாரியையும் ஏழையாக்கிவிடாது. அந்தப் பணத்தில் கழிமுகத்தை மாதந்தோறும் பரிசோதிக்கலாம். தோன்றிய புதிய களையைத் தோன்றிய இடத்திலேயே அழிக்கலாம். பிழைப்பு இழந்த செம்படவர்களைக் கொண்டே கூலி கொடுத்துச் சிப்பியை அகற்றலாம்.

இரண்டாவதாக, தானியக் கப்பலின் பரிசோதனை முடிவுகளைப் பகிரங்கமாக வெளியிட வேண்டும். விலை ஏறிவிட்டது, கையிருப்பு குறைந்துவிட்டது என்ற காரணத்துக்காக விதிகளைத் தளர்த்தக் கூடாது. தளர்த்தியே தீர வேண்டுமானால், அந்தத் தானியத்தைத் துறைமுக நகரத்து ஆலைகளிலேயே அரைத்து, சலித்தெடுத்த கழிவைச் சாம்பலாக்கிவிட வேண்டும். முளைக்கக்கூடிய ஒரு விதையும் கிராமத்துக்குப் போகலாகாது.

மூன்றாவதாக, வெட்டுவதோடு வேலை முடிந்ததாக எண்ணலாகாது. சீமைக் கருவேலத்தை அகற்றும்படி நீதிமன்றங்கள் உத்தரவிட்டதும், பல ஜில்லாக்களில் மரங்களை வெட்டியதும், வெட்டிய இடத்தில் மறுபடி தழைத்ததும் நாம் அறிந்தவையே. ராமநாதபுரத்தில் ஏழைகள் பலர் அதைக் கரியாக்கிப் பிழைக்கிறார்கள் என்பதையும் மறக்கக் கூடாது. 2022-ல் தமிழ்நாட்டு சர்க்கார் அந்நியத் தாவரங்களை அகற்றி இயற்கையை மீட்பதற்கு ஒரு கொள்கை வகுத்தது. மீட்பது என்ற சொல்லே அதில் முக்கியம். வேரோடு எடுத்த இடத்தில் அந்த மண்ணுக்குரிய செடியை அன்றைக்கே வைக்க வேண்டும். கழிமுகத்தில் அலையாத்தி, ஏரிக்கரையில் பனை, நாட்டுக் கருவேலம். காலியாக விட்ட இடத்தை இயற்கை காலியாக விடாது, களைக்குக் கொடுத்துவிடும்.

சர்க்கார் செய்யட்டும் என்று நாம் கையைக் கட்டி நிற்கவும் கூடாது. காட்டு ஓட்ஸ் கணக்கில் முதல் வருஷத்துச் செடியைப் பிடுங்கக் கூடியவன் அதிகாரி அல்லன். அந்த வயலில் நடப்பவன். கொசஸ்தலையாற்றில் புதுச் சிப்பியை முதலில் அடையாளம் கண்டவர்கள் அந்தச் சேற்றில் கை வைத்துப் பிழைப்பவர்கள்தாம். அவர்கள் சொன்னதைக் காலத்தில் காதில் வாங்க ஓர் ஏற்பாடு இருந்திருந்தால்! கிராமந்தோறும், குப்பந்தோறும், புதிதாகத் தோன்றும் செடியையும் பூச்சியையும் சிப்பியையும் எழுதி வைக்க ஒரு நோட்டும், அதை வாங்கிப் பதில் சொல்லக் கடமைப்பட்ட ஓர் அதிகாரியும் இருக்க வேண்டும். விவசாய சங்கங்களும் மீனவர் சங்கங்களும் இதைக் கேட்க வேண்டும். தேசத் தொண்டில் ஈடுபட்ட இளைஞர்கள் இதை அற்ப விஷயமாக எண்ண வேண்டாம். அந்நியத் துணியைப் பற்றி ஊர் ஊராகச் சென்று எடுத்துச் சொன்ன தேசம் இது. அந்நியக் களையைப் பற்றிச் சொல்வதற்கு அவ்வளவு தூரம் நடக்க வேண்டியதில்லை. அத்திப்பட்டு ஸ்டேஷனில் இறங்கிச் சுற்றிப் பார்த்தாலே போதும்.

கப்பல்கள் வரட்டும். வியாபாரம் வளரட்டும். ஆனால் கப்பலோடு என்ன வருகிறது என்று கேட்கும் உரிமையும், தீங்கு வந்தால் கொண்டுவந்தவனையே கூலி கொடுக்கச் செய்யும் அதிகாரமும் கரையில் வாழும் ஜனங்களுக்கு வேண்டும். அவை இல்லாதவரை, வாசற்படியில் வசிப்பவர்கள் எந்தக் கப்பலின் சரக்குக்கும் சொந்தக்காரர்கள் அல்லர். அதன் களைக்கு மட்டுமே வாரிசுகள்.